மனநோயை, போதையை உள்ளேயிருந்து காட்டிய படம் எது?

ஜனவரி 9 (கேள்வி)

நம் ஆட்களுக்கு மனநோய் என்றால் ஒன்று சிரிப்பு, இல்லாவிட்டால் கொலை. நேற்று ரிக்வியம் ஃபார் எ ட்ரீம் பார்த்தேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. போதைக்காரன் மண்டைக்குள் நம்மையும் உட்கார வைத்துவிடுகிறான். இதைவிட உண்மையாக யாராலும் எடுக்க முடியாது என்பது என் கட்சி. மறுப்பவர் உண்டா?

ஜனவரி 9, இரவு

நான் இருக்கிறேன். படம் சுமார் என்று சொல்ல வரவில்லை, முதல் தடவை பார்த்தபோது நானும் ஆடிப்போனவன்தான். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது போதை இல்லை, எடிட்டிங். மற்ற படங்கள் அறுநூறு எழுநூறு வெட்டில் முடிந்துவிடுகிற இடத்தில் இயக்குநர் அரோனாஃப்ஸ்கி 2000-க்கும் மேல் வெட்டியிருக்கிறார். லைட்டர், கொதிக்கும் கரைசல், ஊசி, விரியும் கண்மணி, ஒரு பெருமூச்சு, எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். நடிகர் உடம்பிலேயே கேமராவைக் கட்டி நடக்கவிடுகிறார், முகம் நடுவில் அப்படியே நிற்க ஊர் மட்டும் ஆடுகிறது. பிரமாதமான வேலைதான். ஆனால் இத்தனை வேலையும் "பார், இவன் சரியாக இல்லை" என்று நமக்குச் சொல்வதற்காக. உள்ளே இருப்பவனுக்கு அப்படித் தோன்றாது. அவனுக்கு எல்லாம் நியாயமாக, காரணத்தோடு நடக்கிற மாதிரிதான் இருக்கும், கோணலாக இருப்பவர்கள் மற்றவர்கள். அந்த நியாயத்தை என்னையும் நம்ப வைக்கிற படம் எதுவோ அதைத்தான் உள்ளேயிருந்து எடுத்த படம் என்பேன்.

ஜனவரி 10

மேலே விட்டுப்போனது ஒன்று. ஹெராயின் ஏறினால் கண்மணி சுருங்கும், ஊசிமுனை அளவுக்கு. மயங்கிக் கிடப்பவனை அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தால் டார்ச் அடித்துப் பார்ப்பதே அதற்குத்தான். இந்தப் படத்தில் விரிகிறது. திரையில் விரிந்தால்தான் அழகு, சுருங்கினால் பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. "இதைவிட உண்மையாக" என்ற பகுதியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 11

"சொந்த அனுபவம் ஏதாவது உண்டா, இல்லை சும்மா படம் பார்த்துப் பேசுகிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். குடி விஷயத்தில் என் அனுபவம் இல்லை, என் சித்தப்பாவுடையது.

லாரி ஷெட்டில் கணக்கு எழுதினவர். காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் பேனா பிடிக்கக் கை நிற்கும். ஒரு தடவை வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தினமும் குடிப்பவர் என்று டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. சித்திக்கு வெட்கம், எங்களுக்கோ அது சொல்லவேண்டிய விஷயம் என்றே தெரியாது. குடி நின்று இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்தது. முதலில் வியர்வை, நடுக்கம். அப்புறம் போர்வையிலிருந்து எதையோ பொறுக்க ஆரம்பித்தார். எறும்பாம். என்னை ஒரு காகிதத்தை மடித்துப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக அதில் போட்டார். நானும் பிடித்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்வது. நடுராத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கே இல்லாத ஒரு டிரைவரிடம் ரசீது எங்கே, மூட்டை குறைகிறதே என்று சண்டை. விரல் போர்வைமேல் வரிவரியாக ஓடுகிறது, கணக்கு எழுதுகிறார். வார்டில் இருந்த எல்லோரும் பயந்துவிட்டோம். அவருக்கு அது இன்னொரு வேலை நாள், சரக்கு குறைகிற ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. விடியும் நேரத்தில்தான் அவருக்கும் பயம் வந்தது. குடிப்பழக்கத்தைச் சொன்ன பிறகு லோராசிபாமும் தயாமினும் ஊசியாகப் போட்டார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போயிருக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

இப்போது 1945-ல் பில்லி வைல்டர் எடுத்த த லாஸ்ட் வீக்எண்ட் பாருங்கள். குடிகார எழுத்தாளன் ஒருவனின் சில நாட்கள். ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ் ஒருவன் அவனிடம் சொல்வான், இளஞ்சிவப்பு யானை வரும் என்பதெல்லாம் கதை, வருவது குட்டிப் பிராணிகள், வருவது ராத்திரியில். வீட்டுக்கு ஓடிவந்த பிறகு சுவர் விரிசலிலிருந்து ஒரு சுண்டெலி எட்டிப் பார்க்கிறது. அதைப் பார்த்து அவன் பயப்படுவதில்லை. எங்கிருந்தோ ஒரு வௌவால் வந்து எலிமேல் விழுந்து சுவரில் ரத்தம் வழியும்போதுதான் அலறுகிறான். வௌவால் பொம்மை என்று இன்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் சித்தப்பாவின் எறும்பை நேரில் பார்த்த எனக்கு அந்தச் சுண்டெலிமேல் புகார் கிடையாது.

ஜனவரி 11, ராத்திரி

ஒரு தனிமடல்: "அப்படியானால் இல்லாததைக் கண்ணால் பார்ப்பது உண்மைதானே, ஏன் படங்களைத் திட்டுகிறீர்கள்?" எந்த நோய் என்பதைப் பொறுத்தது. குடி நின்று வரும் ஜன்னியில் கண்ணால் பார்ப்பதுதான் அதிகம், பூச்சி, எலி, பாம்பு. ஸ்கிஸோஃப்ரீனியா என்கிற மனச்சிதைவு நோயில் பெரும்பாலும் காதுதான், குரல்கள். ஆம்ஃபெடமின் போன்ற ஊக்க மருந்துகள் அளவு மீறினால் சந்தேகம், யாரோ பின்தொடர்கிறார்கள், டிவி என்னைப் பற்றித்தான் பேசுகிறது. சினிமாக்காரர்கள் மூன்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிண்டிவிடுகிறார்கள்.

ஜனவரி 13

லாஸ்ட் வீக்எண்டை விட மனமில்லை, இன்னும் கொஞ்சம். முதல் காட்சியிலேயே ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஒரு பாட்டில் தொங்குகிறது. பிறகு இன்னொன்றை எங்கே ஒளித்தோம் என்று அவனுக்கே மறந்துபோய் வீட்டைக் கலைத்துப் போடுகிறான், நிமிர்ந்து பார்த்தால் கூரை விளக்குக் கூண்டுக்குள் அதன் நிழல். எங்கள் வீட்டில் அரிசி டிரம், மோட்டார் ரூம், ஒரு தடவை சாமி அலமாரிக்குப் பின்னால். ஒளிப்பதில் அவருக்கு இருந்த மூளையைக் கணக்கில் காட்டியிருந்தால் ஷெட் முதலாளி ஆகியிருப்பார் என்று சித்தி இப்போதும் சொல்வாள்.

அதே படத்தில் டைப்ரைட்டரை அடகு வைக்க மூன்றாம் அவென்யூவில் நடந்துகொண்டே இருக்கிறான், கடை எல்லாம் பூட்டு. யூதர்களின் யோம் கிப்பூர் நாள், ஐரிஷ்காரர்களும் அன்றைக்குக் கடை திறப்பதில்லை என்று ஏற்பாடு. கேமராவை மறைத்து வைத்து நிஜத் தெருவில் எடுத்தது. அந்த நடைதான் போதை. போதையில் ஏறுவது கொஞ்ச நேரம், மற்றதெல்லாம் காத்திருப்பு, நடை, கணக்கு. கடை பன்னிரண்டு மணிக்குத் திறக்கும், இப்போது மணி பத்து, கையில் இவ்வளவு இருக்கிறது, இன்னும் இவ்வளவு வேண்டும், யாரிடம் கேட்கலாம், அவனிடம் போன வாரம் என்ன பொய் சொன்னோம். மூளை முழுக்க இந்தக் கணக்கு ஓடும். ரிக்வியத்தின் வேக வெட்டில் இது எங்கே இருக்கிறது? த பேனிக் இன் நீடில் பார்க் (1971, அல் பசினோ) என்று ஒரு படம், பின்னணி இசையே கிடையாது. ஜோடி ஒன்று நியூயார்க்கின் ஒரு தெருமுனைச் சதுக்கத்தில் ஹெராயினுக்காகச் சுற்றிச் சுற்றி வருகிறது. சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பு படத்தின் குறை இல்லை.

ஜனவரி 14

எ பியூட்டிஃபுல் மைண்ட் ஏன் சொல்லவில்லை என்று நாலு பேர். சரி, ஸ்கிஸோஃப்ரீனியா வந்த கணிதமேதை ஜான் நாஷின் கதை. முதல் ஒரு மணி நேரம் என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ரூம்மேட் சார்லஸ், அவன் சகோதரி மகள், ரகசிய வேலை கொடுக்கும் அதிகாரி, மூவரையும் நாமும் நம்புகிறோம். படம் நமக்கு ஜாடை காட்டுவதில்லை. அவனுக்கு எது நியாயமோ அது நமக்கும் நியாயம். அப்புறம் மூவரும் பிரமை என்று முடிச்சு அவிழ்ந்ததும் நாம் வெளியே வந்துவிடுகிறோம், அவன் உள்ளேயே இருக்கிறான், மீதிப் படம் ஒரு நல்ல மனைவியின் கதை. அந்தச் சின்னப் பெண் வருஷக் கணக்கில் வளரவே இல்லை என்று அவன் கண்டுபிடிக்கும் இடம் கைதட்டல் வாங்குகிற இடம்தான். ஆனால் அப்படி ஒரு தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட முடிகிற நோயா அது? பிரமையில் இருப்பவரிடம் தர்க்கம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாம் ஒரு ஓட்டை காட்டினால் அவர்களிடம் அதற்கு இரண்டு பதில் தயாராக இருக்கும்.

நிஜ ஜான் நாஷுக்கு வந்தவை குரல்கள், மனிதர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. குரலை இரண்டு மணி நேரம் காட்டினால் டிக்கெட் யார் வாங்குவார்கள், அது வேறு. இன்னொன்று, 1994-ல் நோபல் கிடைக்கும் சமயம் புதிய வகை மருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று படத்து நாஷ் சொல்கிறார். நிஜ நாஷ் 1970-க்குப் பிறகு மருந்தே எடுக்கவில்லை. படம் பார்த்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் அப்படி எழுதினார்கள். எனக்கு இதில் கோபம் வரவில்லை. மாத்திரையை நிறுத்தியதால் மறுபடி படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், நாஷ் மாதிரி மீண்டவரைப் பார்த்ததில்லை.

ஜனவரி 14, கொஞ்சம் கழித்து

குரலை வைத்தே ஒரு படம் இருக்கிறது: லாட்ஜ் கெர்ரிகனின் க்ளீன், ஷேவன் (1993). தலைக்குள் ஒரு ரிசீவர், விரல் நகத்துக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்துவிட்டார்கள் என்று நம்புகிறவன் தன் மகளைத் தேடிப் போகிறான். படம் முழுக்க ரேடியோ இரைச்சல், மின்கம்பி ரீங்காரம், பாதி கேட்டும் பாதி கேளாமலும் பேச்சு. அந்த நகத்தை அவன் என்ன செய்வான் என்று சொல்லமாட்டேன், சாப்பிட்டுவிட்டுப் பார்க்காதீர்கள். இதில் எனக்குப் பிடித்தது வேறு. ஒரு குழந்தைக் கொலையை அவன்தான் செய்தான் என்று போலீஸ்காரர் துரத்துகிறார், நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். எதை வைத்து? படபடப்பாக இருக்கிறான், தனக்குள் பேசுகிறான், அவ்வளவுதான். துண்டு துண்டான அறிகுறிகளை ஒட்டவைத்து ஒரு சதியைக் கட்டுவது அவன் நோய் என்றால் நாம் செய்ததும் அதேதான்.

ஜனவரி 15

அந்நியனை இந்த விவாதத்தில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: அம்பிக்கு வந்தது நோய் இல்லை, கால்ஷீட் பிரச்சினை. மூன்று பேருக்கு ஒரே உடம்பு.

ஜனவரி 17

மேலே அடித்த ஜோக்குக்கு நிறைய பேர் கோபித்துக்கொண்டார்கள். விக்ரம் நடிப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஒரே ஷாட்டில் முகம் மாறி மாறிப் பிரகாஷ்ராஜிடம் பேசுகிற அந்தக் காட்சியில் தியேட்டரில் விசிலடித்தவர்களில் நானும் உண்டு. அந்த விசில்தான் நான் சொல்வது. நமக்கு மனநோய் என்றால் நடிகருக்குக் கிடைத்த மேடை. பாத்திரத்துக்குள் நாம் போவதில்லை, எதிரே உட்கார்ந்து கைதட்டுகிறோம்.

தமிழில் உள்ளே போகப் பார்த்தவை என்றால் ஆளவந்தான் (2001) ஒன்று. நந்துவின் மண்டைக்குள் நடக்கும் வன்முறை கார்ட்டூனாக மாறும். அவனுக்கு அந்த ரத்தம் பொம்மைப்பட ரத்தம்தான், வலி கிடையாது. யோசித்துப் பார்த்தால் இதுவும் "அவனுக்கு அது இயல்பு" என்ற இடத்தைத் தொடுகிறது. கதை அவனை மொட்டைத்தலை அரக்கனாக்கித் துரத்துவதால் அது அங்கே நிற்கவில்லை.

3 (2012) இன்னும் சங்கடம். கொலவெறி பாட்டுக்காகப் போய் உட்கார்ந்தோம், பாதிப் படம் பள்ளிக் காதல். அப்புறம் நாயகன் ராமுக்கு பைபோலார், அதாவது அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய் என்கிறார்கள், மனைவிக்குச் சொல்லாமல் மறைக்கிறான், நண்பன் ஒருவனுக்கு மட்டும் தெரியும். இந்த மறைப்பு இருக்கிறதே, அது நூற்றுக்கு நூறு நம் வீட்டுக் கதை. கல்யாணத்துக்கு முன்னால் மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் நோயைக் காட்டும்போது யாரோ ஆட்கள் கண்முன் வந்து நின்று கட்டளையிடுகிறார்கள், திகில் படம் ஆகிவிடுகிறது. பைபோலாரில் முற்றிய நிலையில் பிரமை வரலாம், இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் வரும் மேனியா எங்கே? தூக்கமே வேண்டாம், காசைத் தண்ணீராகச் செலவழிப்பது, ராத்திரி மூன்று மணிக்குப் புது பிசினஸ் ஐடியா, நான் நினைத்தால் எதுவும் முடியும் என்கிற சந்தோஷம். தனுஷ் மாதிரி ஒருவர் அந்தச் சந்தோஷத்தை அரை மணி நேரம் நடித்திருந்தால் நாமும் அவன் பக்கம் நின்று "அவனுக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறான்" என்றிருப்போம்.

கேம் ஓவர் (2019) பரவாயில்லை. டாப்ஸி பாத்திரத்துக்கு முன்பு நடந்த கொடுமையைப் படம் நேராகக் காட்டுவதில்லை. அந்தத் தேதி நெருங்க நெருங்க உடம்பே முரண்டு பிடிக்கிறது, இருட்டில் மூச்சு முட்டுகிறது. வருடாவருடம் அதே நாளில் திரும்பிவரும் அந்தப் பதற்றத்தை நம்மூரில் காட்டிய வேறு படம் எனக்கு நினைவில்லை. இரண்டாம் பாதி வேறு ஆட்டம், அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்.

ஜனவரி 18

த ஃபாதர் (2020). மறதிநோயை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியாது, ஆனால் என் கட்சியை முழுசாக நிறைவேற்றிய படம் இதுதான். ஃப்ளோரியன் ஸெல்லர் தன் நாடகத்தைத் தானே இயக்கியது. கேமரா ஆடாது, கண்மணி விரியாது, அலறல் இசை கிடையாது. ஒரு வசதியான லண்டன் ஃப்ளாட், ஒரு முதியவர். ஆனால் அடுத்த காட்சியில் சமையலறை ஓடு நிறம் வேறு மாதிரி தெரிகிறது, மாட்டியிருந்த படத்தைக் காணோம், மகள் கதவைத் திறந்து வருகிறாள், வேறு நடிகை. "நான்தான் ஆன்" என்கிறாள். நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது, அவர் சமாளித்துக்கொள்கிறார், ஏனென்றால் ஒப்புக்கொண்டால் தோற்றுப்போவார். கைக்கடிகாரத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று அவர் சாதிக்கும்போது அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது! டாக்டர் பிறந்த தேதி கேட்பார், அவர் சொல்வது 1937 டிசம்பர் 31, ஆந்தனி ஹாப்கின்ஸின் சொந்தப் பிறந்த தேதி. 83 வயதில் ஆஸ்கார் வாங்கினார்.

என் பாட்டி கடைசியில் அப்பாவைத் தன் அண்ணன் என்று நினைத்துப் பேசுவாள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் திருத்துவோம். படம் பார்த்த பிறகு யோசித்தேன், நாங்கள் திருத்தத் திருத்த அவளுக்கு அந்த வீடு எப்படி இருந்திருக்கும், முன்பின் தெரியாத ஆட்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டு ஒரே பொய்யைச் சாதிக்கிற மாதிரி.

ஜனவரி 20

மனச்சோர்வு பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்று ஒருவர். திறக்காததற்குக் காரணம் அதுதான் என் சொந்த நோய். இரண்டு வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டேன், இப்போது இல்லை.

சினிமாவில் அது மழை, ஜன்னல் கம்பி, சோகப் பாட்டு. எனக்கு அழுகையே வரவில்லை. குளிக்கவேண்டும் என்று நினைத்து உட்கார்ந்திருப்பேன், மத்தியானம் ஆகிவிடும். போன் அடித்தால் பெயரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், நின்ற பிறகு நிம்மதி. சோம்பேறி என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அதையே நம்பினேன், நோய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எந்தக் கேமராவில் பிடிப்பது?

லார்ஸ் வான் ட்ரியர் பிடித்திருக்கிறார், மெலன்கோலியா (2011). அக்கா சேர்ந்து தூக்கிவிட்டும் குளியல் தொட்டிக்குள் ஒரு காலை எடுத்து வைக்க ஜஸ்டினால் முடியவில்லை. அவளுக்குப் பிடித்த இறைச்சிப் பண்டத்தைச் செய்து வைக்கிறார்கள், ஒரு வாய் வைத்துவிட்டுச் சாம்பல் மாதிரி இருக்கிறது என்று அழுகிறாள். அப்புறம் ஒரு கிரகம் பூமியில் மோத வருகிறது, தெளிவாக இருந்த அக்கா உடைந்துபோகிறாள், ஜஸ்டின் நிதானமாக இருக்கிறாள். ட்ரியருக்கே மனச்சோர்வு உண்டு. மனச்சோர்வுக்காரர்கள் பேரிடர் நேரத்தில் மற்றவர்களைவிட நிதானமாக இருப்பார்கள் என்று அவருடைய சிகிச்சையாளர் சொன்னதிலிருந்து வந்த படம். கொரோனா ஊரடங்கு அறிவித்தபோது ஊரே பதற, எனக்கு வெளியே போகவேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. அதனால் ஜஸ்டினைப் பற்றி என்னிடம் விவாதம் வேண்டாம்.

ஜனவரி 21

ரிக்வியத்தை இழுத்து இழுத்து அடிக்கிறேன் என்கிறார் கேள்வி கேட்டவர். அந்தப் படத்தில் நாயகனின் அம்மா சாராவின் பகுதி இருக்கிறதே, அதை அடிக்கமாட்டேன். டிவி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பழைய சிவப்பு கவுனுக்குள் நுழையவேண்டும், டாக்டர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் உடம்பு இளைக்க மாத்திரை எழுதுகிறார். காலையில் ஊதா, மதியம் நீலம், சாயங்காலம் ஆரஞ்சு, ராத்திரி தூங்கப் பச்சை. அவள் குற்றம் ஏதும் செய்யவில்லை, டாக்டர் சொன்னதைக் கேட்டாள். மகனிடம் அவள் பேசும் ஒரு காட்சி, வயதாகிவிட்டது, தனியாக இருக்கிறேன், காலையில் எழுந்திருக்க இப்போது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது என்கிறாள். எலன் பர்ஸ்டின் சும்மா பேசுகிறார், எந்த வித்தையும் இல்லை. அதை எடுக்கும்போது ஒளிப்பதிவாளர் லிபாடிக் அழுதுவிட்டாராம், கேமரா கொஞ்சம் நகர்ந்துவிட்டது, அந்த டேக்கையே படத்தில் வைத்தார்கள். 2000 வெட்டு போட்ட படத்தில் மனதுக்குள் இறங்குவது வெட்டை மறந்து நின்ற இடம். இதை என் கட்சிக்கே சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவளுக்கே கடைசியில் கொடுக்கும் ஷாக் ட்ரீட்மெண்ட் அநியாயம். வாயில் கட்டையைத் திணித்து, விழித்திருக்கும்போதே கரண்ட். 2000-ல் எடுத்த படம் அது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்வது என்பது அதற்குப் பல வருஷம் முன்பே வழக்கம். நம் நாட்டில் 2017 மனநலச் சட்டம் மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதையே தடை செய்திருக்கிறது. நண்பன் ஒருவனின் அம்மா சாப்பாடு தண்ணீர் எல்லாம் நிறுத்தி எலும்பாகிவிட்டார்கள், மருந்து வேலை செய்யவில்லை. ஷாக் என்றதும் நண்பன் மறுத்தான், காரணம் அவன் பார்த்த சினிமா. அப்புறம் ஒத்துக்கொண்டான். சில தடவைக்குப் பிறகு அந்த அம்மா தானாக எழுந்து காபி கேட்டார்கள். கொஞ்சம் பழைய ஞாபகம் போயிற்று, அதையும் சொல்லவேண்டும். பேத்தியின் காதுகுத்து அவர்களுக்கு நினைவே இல்லை.

ஜனவரி 24

உள்ளே, உள்ளே என்று பேசிக்கொண்டிருக்கும்போது லோகிததாஸ் எழுதிய மலையாளப் படம் தனியாவர்த்தனம் (1987) ஞாபகம் வந்தது. அதில் மம்முட்டி நடித்த பாலன் மாஸ்டருக்கு நோயே இல்லை. ஆண்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று பேரெடுத்த குடும்பம், மாமாவை மாடியில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள், மாமா இறந்ததும் அடுத்தது யார் என்று ஊர் காத்திருக்கிறது. ஒரு ராத்திரி கனவு கண்டு அலறுகிறான், போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், கோபப்பட்டால் பைத்தியம், அமைதியாக இருந்தாலும் பைத்தியம். கடைசியில் அம்மா விஷம் கலந்த சோறு ஊட்டுகிறாள். பார்க்கிற நமக்கே ஒரு கட்டத்தில் மம்முட்டி கண்ணில் ஏதோ இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். மண்டைக்குள் போகாமல் மண்டைக்கு வெளியே இருக்கும் ஊரைக் காட்டியே அந்த அழுத்தத்தைக் கொண்டுவந்த படம். நோய் உள்ளவர்களும் பாதி நாள் வாழ்வது அந்த ஊருக்குள்தானே.

சேதுவில் (1999) அந்தச் சங்கிலியைப் பார்த்துத் தியேட்டரே அழுதது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் எத்தனை காமெடியில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" கேட்டாயிற்று. அந்த ஆஸ்பத்திரி 1794-ல் தொடங்கியது, இன்றைக்கும் வெளிநோயாளி வரிசை நீளம்தான், அந்த வரிசையில் நின்றிருக்கிறேன், யாரும் தலையில் மஞ்சள் துண்டு கட்டி டான்ஸ் ஆடவில்லை. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 25

ட்ரெயின்ஸ்பாட்டிங் (1996) போதையைக் கொண்டாடுகிறது என்ற பழைய குற்றச்சாட்டை ஒருவர் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார். சுகமாக இருக்கிறது என்று சொன்னால் கொண்டாட்டமா? சுகம் இல்லாவிட்டால் ஒருவன் ஏன் போவான்? திரையின் மூலையில் "மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு" என்று எழுதிவிட்டு நாயகனை அண்ணாந்து குடிக்கவிடும் நம் படங்களுக்கு அது பரவாயில்லை. நாயகன் ரெண்டன் ஹெராயினை அளவு மீறிப் போட்டுக்கொண்டதும் சிவப்புக் கம்பளத்துக்குள் அப்படியே அமிழ்ந்துபோகிறான், மேலே சவக்குழி மாதிரி ஒரு செவ்வகம், லூ ரீடின் இதமான பாட்டு. டாக்ஸியில் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் போடுகிறார்கள். அவனுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, சாவு எவ்வளவு சொகுசாக வருகிறது என்பதுதான் பயம். நர்ஸ் ஊசி போட்டதும் திடுக்கென்று எழுவது சினிமாத்தனம் போல் இருந்தாலும் ஹெராயினை முறிக்கும் மருந்தான நலோக்ஸோன் அப்படித்தான் வேலை செய்யும், சில நிமிஷத்தில். கூரையில் ஊர்ந்துவரும் குழந்தை எனக்கு ஒட்டவில்லை, ஹெராயின் நிறுத்தினால் வருவது வாந்தி, பேதி, எலும்பு வலி, தூக்கமின்மை, பிரமை அபூர்வம். ஆனால் அந்தக் குழந்தை செத்ததில் அவன் பங்கும் இருக்கிறது, குற்ற உணர்ச்சி கூரையில் ஊர்ந்தால் ஊரட்டும்.

ஜனவரி 29

மடலில் ஒரு பெண் கேட்டிருக்கிறார், பெயர் சொல்லவில்லை. தம்பி மறுவாழ்வு மையத்திலிருந்து போன வாரம் வீட்டுக்கு வந்திருக்கிறான், இங்கே சொன்ன படங்களை அவனுக்குப் போட்டுக் காட்டினால் திருந்துவானா என்று.

அம்மா, வேண்டாம். குறிப்பாக ரிக்வியம் வேண்டவே வேண்டாம். நமக்கு அந்த லைட்டரும் ஊசியும் அருவருப்பு, அவனுக்கு அது அழைப்பு. விட்டவர்களுக்குப் பொருளைப் பார்த்தாலே, அந்தச் சத்தத்தைக் கேட்டாலே, பழைய இடத்தைக் கடந்தாலே உடம்பு கேட்க ஆரம்பிக்கும். சித்தப்பா குடியை விட்ட பிறகும் சோடா பாட்டில் திறக்கிற சத்தத்துக்குத் திரும்பிப் பார்ப்பார், பேருந்தில் கடைப்பக்க சீட்டில் உட்காரமாட்டார். இந்தப் படங்கள் எல்லாம் நமக்கு, அதாவது கூட இருப்பவர்களுக்கு. நீங்கள் வேண்டுமானால் லாஸ்ட் வீக்எண்ட் பாருங்கள், முடிவை மட்டும் நம்பாதீர்கள், காதலி பேசிப் புரியவைத்து ஒரே காலையில் விட்டுவிடுவதாக முடித்திருப்பார்கள். மையத்தில் எழுதிக்கொடுத்த மாத்திரையையும் அடுத்த வரவுத் தேதியையும் விட்டுவிடாதீர்கள்.

தம்பிக்கு இந்த வாரம் ஏதாவது காமெடி போடுங்கள். வடிவேலு என்றால் குடிக்கிற காட்சி இல்லாததாகப் பார்த்துப் போடவேண்டும், அதைத் தேடுவதுதான் கஷ்டம். யாரிடமாவது பட்டியல் இருந்தால் இங்கேயே போடுங்கள்.